வகுப்பறைக்குள் – 11: "இன்னைக்கு சார் மூடு எப்படி?"

பிளஸ் டூ மாணவருக்கு ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 10 மதிப்பெண் பள்ளியின் கையில், அதாவது பாட ஆசிரியரின் கையில் இருக்கிறது. அரசாணையில் அது அகமதிப்பீடு, பிள்ளைகளுக்கு 'இன்டர்னல்'. ஒரே வகுப்புக்கு அடுத்தடுத்த பீரியடில் வரும் இரண்டு ஆசிரியர்கள், "அசைன்மென்ட் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரணும், இல்லேன்னா இன்டர்னல்ல குறையும்" என்று ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் சொன்னதும் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டாமவர் சொன்னதும் கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்துப் பையனின் காதில், "நம்மளத்தான்டா சொல்றாரு" என்கிறான். விதி ஒன்று, குறையப்போகும் மதிப்பெண்ணும் ஒன்று. முதல் பீரியடில் அறிவிப்பாக விழுந்தது, அடுத்த பீரியடில் மிரட்டலாக விழுகிறது.

பத்து வாரங்களாக இந்தத் தொடரில் பாடத்திட்டம், தேர்வு, பெஞ்சு வரிசை, பள்ளி மணி என்று வகுப்பறையை வெளியிலிருந்து ஆளும் ஏற்பாடுகளைப் பார்த்து வந்தோம். அவை எல்லாப் பள்ளிக்கும் ஏறக்குறையப் பொதுவானவை. ஆசிரியரின் சுபாவம் அப்படிப் பொதுவானது இல்லை. கதவைத் தாண்டி உள்ளே வரும் மனிதரின் சுபாவத்தைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்களோ, அதையொட்டித்தான் அவருடைய அதிகாரமும் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

பிரம்பு இருந்த காலத்தில் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை விலக்கினார்கள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதோடு சேர்த்து மனத்தை நோகடிப்பதையும் தடை செய்தது. சட்டம் எல்லா வகுப்பறைக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர்கள் பலர், "இனிமே நம்ம கையில என்ன இருக்கு?" என்று கேட்பதை எந்த ஸ்டாஃப் ரூமிலும் கேட்கலாம். அவர்கள் கையில் நிறையவே இருக்கிறது. குரல் இருக்கிறது, பார்வை இருக்கிறது, இன்டர்னல் இருக்கிறது, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" இருக்கிறது, "டி.சி.யை வாங்கிட்டுப் போ" இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விடை சரி என்று தலையசைக்கும் ஒரு நொடியும் இருக்கிறது. இவற்றில் எதை ஒருவர் அடிக்கடி எடுக்கிறார் என்பதைப் பெரும்பாலும் அவருடைய சுபாவம் முடிவு செய்கிறது.

ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் கேட்கிறார் என்ற கேள்வியை 1959-இல் ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எடுத்துக்கொண்டு ஐந்து காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். கேட்காவிட்டால் தண்டிப்பார் என்ற பயம். கேட்டால் ஏதாவது தருவார் என்ற எதிர்பார்ப்பு. அந்த நாற்காலியில் இருப்பவர் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற ஒப்புதல். இவருக்கு விஷயம் தெரியும் என்ற நம்பிக்கை. இவருக்குப் பிடித்த ஆளாக, முடிந்தால் இவரைப் போலவே, இருக்க வேண்டும் என்ற ஈர்ப்பு. ஐந்தும் கேட்பவரின் மனத்தில் இருப்பவை என்பதைக் கவனியுங்கள். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியராகவே இருக்கட்டும். அவருக்கு விஷயம் தெரியும் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் நம்பாதவரை, அந்த வகுப்பில் அவருடைய பட்டத்துக்கு வேலை இல்லை.

இந்த ஐந்தையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்கள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்ராஸ்கியும் வர்ஜீனியா ரிச்மண்டும். 1983-இல் வந்த அவர்களுடைய முதல் கட்டுரை ஆசிரியரையும் மாணவரையும் ஒரே கேள்வியைக் கேட்டது: இந்த வகுப்பில் எந்த வகை அதிகாரம் எவ்வளவு பயன்படுகிறது? இரு தரப்பின் பதிலுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றாக இல்லை. ஆசிரியர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது, மாணவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்னதைவிட நல்லதாக இருந்தது. மறு வருடம் வந்த இரண்டாவது கட்டுரை கற்றலைப் பார்த்தது. தண்டனைப் பயம் மிகுந்த வகுப்பில் மாணவர்கள் தாங்கள் குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள். "நான் டீச்சர், நான் சொன்னா கேளு" என்ற நாற்காலி அதிகாரமும் அதே திசையில்தான் இழுத்தது, கொஞ்சம் மெதுவாக. ஈர்ப்பும், அதற்கு அடுத்தபடியாக விஷய ஞானமும், கற்றதாக உணர்வதோடு சேர்ந்து வந்தன. பரிசு எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயவில்லை. ஸ்டாரும் சாக்லேட்டும் கொடுத்து வகுப்பை நடத்தலாம் என்று நம்புகிற பள்ளிகள் இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கற்றல் எவ்வளவு என்பதையும் மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட ஆய்வு அது. அந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

இப்போது சுபாவத்துக்கு வருவோம். நம் ஊரில் ஆசிரியரை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுவது வழக்கம்: ஸ்ட்ரிக்ட், சாஃப்ட். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரையும் இந்தப் பிரிவினையிலிருந்துதான் பிறக்கிறது. "மொத வாரத்துலயே பல்லைக் காட்டிராதீங்க மிஸ், அப்புறம் தலை மேல ஏறி உக்காந்துருவாங்க." என் பார்வையில் இந்தப் பிரிவினையே தவறான இடத்தில் கோடு போடுகிறது. பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். கண்டிப்பான ஆசிரியரைப் பற்றி அவர்கள் பெருமையாகவே பேசுவார்கள். "மேத்ஸ் மிஸ் பயங்கர ஸ்ட்ரிக்ட்டு, ஆனா சூப்பரா நடத்துவாங்க" என்பது புகார் இல்லை. அவர்களால் தாங்க முடியாதவர் வேறொருவர். நேற்று சிரித்த அதே விஷயத்துக்கு இன்று கத்துகிறவர்.

அப்படிப்பட்டவரின் வகுப்பில் ஒரு தனி உளவுத்துறையே இயங்கும். சாக்பீஸ் டப்பாவும் வருகைப் பதிவேடும் எடுத்துவர ஸ்டாஃப் ரூமுக்குப் போகும் கிளாஸ் லீடர்தான் அதன் தலைமை. அவன் திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு சார் மூடு எப்படி?" சார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார், டீ குடித்தாரா, ஹெச்.எம். அறையிலிருந்து வந்தாரா என்பதெல்லாம் செய்தி. வராண்டாவில் வரும் செருப்புச் சத்தத்தின் வேகத்தைக் கொண்டே ஆளை எடைபோடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முகம் நன்றாக இருந்தால் சந்தேகம் கேட்கலாம். இல்லையென்றால் புரியாவிட்டாலும் தலையாட்ட வேண்டும். ஹோம்வொர்க் செய்யாதவன் அதை ஒப்புக்கொள்வதா, நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்வதா என்பதையும் அந்தச் செய்தியை வைத்துத்தான் முடிவு செய்கிறான். பாடத்துக்குப் போக வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு ஆசிரியரின் நெற்றிச் சுருக்கத்துக்குப் போய்விடுகிறது.

அந்த ஆசிரியர் பெரிய தண்டனை எதுவும் கொடுக்காதவராகக்கூட இருப்பார். மாதத்தில் இரண்டு முறைதான் வெடிப்பார். எந்த இரண்டு நாள் என்று தெரியாததால் மற்ற எல்லா நாளும் அந்த நாளாகவே கழிகிறது. தண்டனைப் பயம் என்ற அதிகாரம் தண்டனையின் எண்ணிக்கையால் வளர்வதில்லை என்பதை இங்கேதான் பார்க்கிறேன். தினமும் வீட்டுப்பாடத்தைச் சரிபார்த்து, செய்யாதவரை ஒரே மாதிரி மதியம் உட்காரவைத்து எழுதச் சொல்லும் கண்டிப்பான டீச்சரின் விதி, இரண்டே வாரத்தில் பிள்ளைகளுக்குப் பழகிவிடும். விதியைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குக் கொஞ்சம் அதிகாரம் தன் கையிலும் இருக்கிறது: செய்தால் இது, செய்யாவிட்டால் அது. நிலையில்லாத சுபாவம் பிடுங்கிக்கொள்வது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

சுபாவத்தை உளவியலாளர்கள் ஐந்து பெரும் குணங்களாகப் பிரித்து அளப்பார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, புதியதை நாடும் மனம், மனக் கொந்தளிப்பு. ஆஸ்திரேலியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு, ஆங்கில ஆசிரியர்களை இந்த அளவுகோலால் அளந்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. பொறுப்பு மிகுந்த ஆசிரியர்களிடம் பாடத்தில் உதவி கிடைப்பதாக மாணவர்கள் உணர்ந்தார்கள். இணக்கமானவர்களிடம் சொந்த விஷயத்திலும் ஆதரவு இருப்பதாக உணர்ந்தார்கள். மனக் கொந்தளிப்பு மாணவர்களின் தன்னம்பிக்கையோடு, "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற எண்ணத்தோடு, தொடர்பு கொண்டிருந்தது. ஆனால் ஆசிரியரின் இந்தக் குணங்கள் எவையும் மாணவர்களின் மதிப்பெண்ணில் தெரியவில்லை. தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்து ஆசிரியரை அளக்கும் நிர்வாகங்களுக்கு ஆசிரியரின் சுபாவம் ஏன் கண்ணில் படுவதே இல்லை என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. 95 சதவீதத் தேர்ச்சிக்குள்ளேயும், தன்னால் எதுவும் முடியாது என்று நினைத்துக்கொண்டு வெளியேறும் பிள்ளைகள் இருக்க முடியும்.

பிள்ளைகள் இந்தச் சுபாவத்தைப் படிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்? நளினி அம்பாடி கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர். 1993-இல் ராபர்ட் ரோசந்தாலுடன் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். ஹார்வர்டில் வகுப்பெடுத்த 13 இளம் ஆசிரியர்களின் வீடியோவிலிருந்து பத்துப் பத்து நொடியாக மூன்று துண்டு வெட்டி, ஒலியை நிறுத்திவிட்டு, அவர்களை முன்பின் அறியாத மாணவிகளிடம் காட்டினார். பேச்சே கேட்காமல் அந்த 30 நொடியில் அவர்கள் கொடுத்த மதிப்பீடு, ஒரு பருவம் முழுக்க அந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்கள் இறுதியில் கொடுத்த மதிப்பீட்டோடு வியக்கும் அளவுக்குப் பொருந்தியது. கை என்ன செய்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, உடல் வகுப்பை நோக்கிச் சாய்கிறதா விலகுகிறதா என்பதெல்லாம் வாய் திறப்பதற்கு முன்பே பேசிவிடுகின்றன.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1970-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியாளர்கள் முன் உரையாற்ற வைத்தார்கள். உரையில் முரண்பாடும் பொருளற்ற வார்த்தைகளும் வேண்டுமென்றே நிரப்பப்பட்டிருந்தன. நடிகரின் உற்சாகமும் சிரிப்பும் தாராளமாக இருந்தன. கேட்ட படித்தவர்கள் நல்ல உரை என்று எழுதிக் கொடுத்தார்கள். விஷய ஞானம் என்று நாம் நம்பி வழங்கும் அதிகாரத்தைக் கலகலப்பு கடனாக வாங்கிக்கொள்ள முடியும். மென்மையாகப் பேசும், கூச்ச சுபாவமுள்ள, ஆனால் பாடத்தில் ஆழமான ஓர் ஆசிரியர் இதனால் எவ்வளவு இழக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாநிலம் முழுக்க அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். "அவரு நல்லாத்தான் நடத்துவாரு, ஆனா கிளாஸ் கன்ட்ரோல் இல்ல" என்ற ஒற்றை வரியில் அவர்களை ஓரம்கட்டிவிடுகிறோம்.

பார்க்கும் கண்ணும் வெள்ளைத்தாள் இல்லை. 2015-இல் வெளியான வட கரோலினா ஆய்வு ஒன்றில், இணையவழிப் பாடத்தின் இரண்டு உதவி ஆசிரியர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தலா இரண்டு குழுக்களை, ஒன்றைத் தம் பெயரிலும் மற்றொன்றை அடுத்தவர் பெயரிலும் நடத்தினார்கள். மாணவர்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. விடைத்தாள்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திருத்தித் தரப்பட்டன. அப்படியும், உரிய நேரத்தில் திருத்தித் தருவதற்கு ஆண் பெயருக்கு 5-க்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. மொத்தம் 43 மாணவர்கள்தான், சிறிய ஆய்வு. ஆனால் நம் பள்ளிகளில் ஒரே கண்டிப்பு ஆணிடம் இருந்தால் 'கெத்து' என்றும் பெண்ணிடம் இருந்தால் 'சிடுமூஞ்சி' என்றும் பட்டப்பெயர் பெறுவதைப் பார்த்தவர்களுக்கு அது புதிய சேதியும் இல்லை.

சாதியும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில், தலித் ஆசிரியரின் கண்டிப்பை 'இவர் யார் நம்மைச் சொல்ல' என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பள்ளி இல்லை, வீடு. அதே ஊரில் ஆதிக்க சாதி ஆசிரியரின் சாதாரணக் கோபம்கூட ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு வேறு பழைய கோபங்களோடு சேர்ந்து கேட்கும். நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையைப் பற்றிப் பல கருத்து இருக்கலாம். அதிகாரம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. அதற்காகவே அது முக்கியமானது.

அப்படியென்றால் சுபாவம் விதி போல, மாற்ற முடியாததா? இல்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சான்று பழையது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய குர்ட் லெவின், 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஐயோவாவில், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் இருவருடனும் சேர்ந்து பத்து வயதுப் பையன்களுக்கு மாலை நேரக் கைவேலைக் குழுக்கள் நடத்தினார். முகமூடி செய்வது போன்ற வேலைகள். குழுத்தலைவர் ஒரு முறை எல்லாவற்றையும் தானே ஆணையிடுவார். இன்னொரு முறை பையன்களோடு கலந்து முடிவெடுப்பார். மற்றொரு முறை எதிலும் தலையிடமாட்டார். இதில் முக்கியமான ஏற்பாடு, ஒரே மனிதர் வெவ்வேறு குழுவில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்படி மாற்றி மாற்றி வைத்தது. ஆள் மாறவில்லை, நடத்தை மாறியது, பையன்களும் மாறினார்கள். ஆணையிடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து செய்யும் தலைவர் போன பிறகும் வேலை நடந்தது. நம் பள்ளிகளில் ஆசிரியர் பத்து நிமிடம் ஹெச்.எம். அறைக்குப் போனால் எந்த வகுப்பு கத்துகிறது, எந்த வகுப்பு தொடர்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையில் 20 பையன்களில் 19 பேருக்கு ஆணையிடுபவரைவிடக் கலந்து பேசும் தலைவரைப் பிடித்திருந்தது. மாற்றிச் சொன்ன ஒரே ஒருவன் ராணுவ அதிகாரியின் மகன். அவனுக்குக் கண்டிப்புதான் நல்ல தலைமையாகத் தெரிந்தது.

ஒரு மனிதரின் சுபாவம் நாற்பது வயதில் அடியோடு மாறாது. மாற வேண்டியதும் இல்லை. பிள்ளைகள் பார்ப்பது சுபாவத்தின் வேரை இல்லை, அது வெளியே நடந்துகொள்ளும் விதத்தை. சட்டென்று கோபப்படுகிறவர், "எனக்கு இன்னைக்குத் தலைவலி, சத்தம் வேண்டாம்" என்று வகுப்பு தொடங்கும்போதே சொல்லிவிட்டால், அன்றைய உளவு வேலை மிச்சம். கூச்ச சுபாவமுள்ளவர் சத்தம் போடத் தேவையில்லை. சொன்ன நாளில் நோட்டைத் திருத்திக் கொடுத்தாலே, 'சொன்னா செய்வாரு' என்ற பெயர் மெல்ல வந்து சேரும்.

கஷ்டம் என்னவென்றால், தான் எப்படித் தெரிகிறோம் என்பது ஆசிரியருக்குத் தெரிவதில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் தியோ வுபெல்ஸும் தோழர்களும் 1980-களில் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அது ஆசிரியரை இரண்டு கோட்டில் நிறுத்திப் பார்க்கிறது: வகுப்பில் அவர் வார்த்தை எவ்வளவு நடக்கிறது, பிள்ளைகளுக்கு அவர் எவ்வளவு நெருக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டிலும் உயர்ந்து நிற்கும் ஆசிரியர்கள் உண்டு. இந்தியாவின் ஜம்மு உட்படப் பல நாட்டுப் பள்ளிகளில் இந்த வினாத்தாள் பயன்பட்டிருக்கிறது. உட்ரெக்ட் குழு கண்ட ஒரு விஷயம் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. வேலைக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் ஆசிரியரின் வார்த்தைக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. நெருக்கம் அப்படிக் கூடுவதில்லை. அனுபவம் தானாகக் கற்றுத்தருவது முதலாவதை மட்டும். இரண்டாவதை ஒருவர் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

தேடிப் போவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பெயர் எழுதாத ஒரு துண்டுத்தாளில் நாலு கேள்வி போதும். என் வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயக்கமாக இருக்கிறதா? நான் எப்போது கோபப்படுவேன் என்று உன்னால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா? யாரையாவது எனக்கு அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறாயா? தப்பு செய்தால் என்னிடம் உண்மையைச் சொல்வாயா? கையெழுத்து தெரிந்துவிடும் என்ற பயம் வராமல், ஆம், இல்லை என்று டிக் அடிக்கும்படி வைக்க வேண்டும். தாளை ஹெச்.எம்.மிடமோ பெற்றோரிடமோ காட்டக் கூடாது. முக்கியமாக, தேர்வுக்கும் இன்டர்னல் போடும் நேரத்துக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

முதல் முறை பெரும்பாலான தாள்களில் எல்லாம் நன்றாக இருப்பதாகவே வரும். கேட்பவர் கையில் பத்து மதிப்பெண் இருப்பது பிள்ளைகளுக்கு மறக்காது. அப்படியும் இரண்டு மூன்று பேர் எதையாவது துணிந்து சொல்லியிருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து, "இப்படி ஒருத்தர் சொல்லியிருக்கீங்க, இனிமே இதை மாத்திக்கிறேன்" என்று வகுப்பிலேயே சொல்லி, அதன்படி மாற்றிக் காட்டிவிட்டு, அரையாண்டுக்கு ஒரு மாதம் முன்பாக அதே நாலு கேள்வியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது கட்டுத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாகப் படியுங்கள்.